பழைய பற்சில்லை எறியுமுன் அளந்து பாருங்கள்

காணிக்குத் திரும்பும் பல குடும்பங்களின் கண்ணில் முதலில் படுவது, வளவின் மூலையில் துருவேறிக் கிடக்கும் இயந்திரங்களே. உழவு இயந்திரத்தின் கியர்ப்பெட்டி, சூடடிக்கும் இயந்திரத்தின் உடைந்த பகுதி என்று எதனையும் அவசரப்பட்டு இரும்புக்காரருக்கு நிறுவைக்குக் கொடுத்துவிட வேண்டாம் என்பதே எமது வேண்டுகோள். நிறுவையில் சொற்ப காசு பெறும் பற்சில்லைப் புதிதாக வெட்டுவிக்கப் போனால்தான் அதன் விலை தெரியும்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். மிதிவெடி அகற்றி முடியாத காணிக்குள் இரும்பு தேடிப் போகாதீர்கள். மண்ணில் புதைந்த எந்த உலோகத்தையும் கிண்டவோ தட்டவோ வேண்டாம்.

இரண்டு சில்லுகள் சேர்ந்து ஓடுமா என்பது சில்லின் பருமனில் இல்லை, பல்லின் பருமனிலேயே உள்ளது. மெற்றிக் முறையில் இதனை மொடியூல் என்பர். நேர்ப்பற்கள் கொண்ட சில்லில் இதனைக் காண்பது இலகு. ஒரு பல்லில் சோக்கட்டியால் அடையாளமிட்டு, பற்களை எண்ணுங்கள். பின்னர் பல் நுனியிலிருந்து எதிர்ப்பல் நுனிவரை வேணியர் இடுக்கியால் அளவுங்கள். பற்களின் எண்ணிக்கையோடு 2 ஐக் கூட்டி, அத்தொகையால் விட்டத்தைப் பிரியுங்கள். பற்கள் 30, விட்டம் 96 மில்லிமீற்றர் எனின், 96 ஐ 32 ஆல் பிரிக்க மொடியூல் 3.

பற்கள் ஒற்றை எண்ணாயின் பல்லுக்கு எதிரே பள்ளமே இருக்கும். அளவு குறைந்து காட்டும். அப்போது நடுத்துளையின் விளிம்பிலிருந்து பல் நுனிவரை அளந்து, இரட்டித்து, துளையின் விட்டத்தையும் கூட்டவும்.

விடை 3.17 அல்லது 3.18 என வந்தால் அச்சில்லு அங்குல முறையில் வெட்டப்பட்டது. பழைய ஆங்கிலேய இயந்திரங்களில் இதுவே வழக்கம். ஜப்பான் இயந்திரங்கள் பொதுவாக மொடியூலில் வரும். அங்குல முறையில் 32 ஐ விட்டமான 4 அங்குலத்தால் பிரித்தால் 8 வரும். இது 8 பிச் எனப்படும்.

பலரையும் ஏமாற்றுவது 10 பிச் சில்லு. மொடியூலில் அது 2.54. நுனி தேய்ந்துவிட்டால் 2.5 போலவே காட்டும். கையால் சுற்றும்போது இரண்டும் பொருந்தினாற்போல் இருக்கும். வயலில் சுமை ஏறியதும் இரைந்து, பல்லை உடைக்கும். அறுவடை நாளில் இது நடந்தால் என்ன செய்வது? எனவே நுனியை நம்பாமல், தேயாத இடத்தில் 3 பற்களைச் சேர்த்து இடுக்கியால் பிடித்து அளவுங்கள். பிறகு 4 பற்களை. பற்களின் பக்கச்சரிவு 20 பாகையாயின், இரண்டுக்குமுள்ள வித்தியாசம் மொடியூல் 2.5 இற்கு 7.38 மில்லிமீற்றர், 10 பிச்சுக்கு 7.50. பழைய 14½ பாகைச் சில்லாயின் 10 பிச்சுக்கு 7.73 வரும். கியர்ப்பெட்டிச் சில்லுகளில் சிலவேளை பல்லை வேண்டுமென்றே உயர்த்தி வெட்டியிருப்பார்கள். அங்கும் இந்த வழியே கைகொடுக்கும்.

சோடி சேர்க்குமுன் தண்டுகளின் இடைவெளியையும் பாருங்கள். மொடியூல் 3 இல் 30 பல்லும் 20 பல்லும் சேர, 50 ஐ 3 ஆல் பெருக்கிப் பாதியாக்க, மையத்துக்கு மையம் 75 மில்லிமீற்றர் வேண்டும்.

துளையைப் பெருப்பிக்க எண்ணினால் முதலில் அரத்தால் உரசிப் பாருங்கள். அரம் வழுக்கினால் அது கடினப்படுத்திய உருக்கு. சாதாரண கடைச்சல் பட்டறையில் அதனைக் கடைய முடியாது.