பரிசு பெறும் கதைகளும் பெட்டியில் உறங்கும் காகிதங்களும்

யூனியன்வில்லில் வசிக்கும் நண்பர் ஒருவர் வீட்டை விற்றுவிட்டு மகளுடன் குடியேற ஆயத்தமானார். நிலக்கீழ் அறையைத் துப்புரவாக்க எம்மையும் அழைத்திருந்தார். கழிவுக் காகிதங்களோடு ஒதுக்கப்பட்டிருந்த மட்டைப் பெட்டி ஒன்றைத் திறந்து பார்த்தோம். அவருடைய அகதிக் கோரிக்கைப் படிவம், சத்தியக்கடதாசி, விசாரணை அழைப்பு, சட்டத்தரணியின் கடிதங்கள் ஆகியன அதனுள் இருந்தன.

"இனி இது ஆருக்குப் பயன், சேர்?" என்றார் நண்பர்.

ஆவணம் இல்லாத இடத்தில் வரலாறு இல்லை என்று ஒரு காலத்தில் மாணவருக்குப் போதித்த எமக்கு அக்கேள்வி உறுத்தியது.

எம்மவர் கதைகளை இன்று உலகம் பரிசளித்துப் போற்றுகின்றது. 1980களின் யாழ்ப்பாணத்தை ஒரு மருத்துவ மாணவியின் கண்வழி காட்டும் 'பிரதர்லெஸ் நைட்' நாவலுக்காக வி. வி. கணேசானந்தன் 2024இல் இரு பெரும் பரிசுகளைப் பெற்றார். ஒன்று, 150,000 அமெரிக்க டொலர் பெறுமதியான கரோல் ஷீல்ட்ஸ் பரிசு. மற்றையது, 30,000 பவுண் பெறுமதியான பிரித்தானியப் பெண்கள் புனைகதைப் பரிசு.

இன்னொரு பரிசு எமக்கு மேலும் நெருக்கமானது. 2010 ஆகஸ்டில் 492 தமிழர்களுடன் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையை அடைந்த 'சன் சீ' கப்பலைப் பின்புலமாகக் கொண்டு ஷரன் பாலா எழுதிய நாவல் 'த போட் பீப்பிள்'. தடுப்புக்காவலில் இருக்கும் தந்தை, அவருக்காக வாதாடும் தமிழ்ப் பெண், தீர்ப்பளிக்க அமர்ந்திருக்கும் ஜப்பானிய வம்சாவளிப் பெண் ஆகிய மூவரும் அதன் பிரதான மாந்தர். சட்டத்தரணிகளின் சமூகப் பங்கை விளக்கும் புனைகதைக்கென 2011 முதல் அலபாமா பல்கலைக்கழகச் சட்டப் பள்ளி வழங்கிவரும் ஹாப்பர் லீ பரிசு, 2019இல் இந்நாவலுக்குக் கிடைத்தது.

கதைக்குப் பரிசு உண்டு. கதைக்கு அடியிலுள்ள சட்ட வரலாற்றுக்கு?

கனடியர் அதனையும் மறக்கவில்லை. றோய் மக்மேற்றியின் முயற்சியால் 1979இல் தோன்றிய ஒஸ்குட் சங்கம், கனடியச் சட்ட வரலாற்று நூல்களைத் தொடர்ந்து வெளியிடுகின்றது; அத்துறையில் எழுதும் மாணவர்களுக்கும் பரிசளிக்கின்றது. ஆனால் எம்மவர் அந்த வரலாற்றில் வகித்த பங்கைத் தமிழில் எழுதியோர் மிகச் சிலரே.

எழுத வேண்டியவையோ பல. அகதி உரிமை கோருபவர் சொல்வது உண்மையா என்ற கேள்வி எழுமிடத்து, அவரை நேரில் விசாரிக்க வேண்டும் எனக் கனடிய உச்ச நீதிமன்றம் 1985 ஏப்ரல் 4இல் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் 155 தமிழர் உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் மீட்கப்பட்டனர். 1989இல் குடிவரவு அகதிச் சபை இயங்கத் தொடங்கியது. அதன் முன் அமர்ந்து, மொழிபெயர்ப்பாளரின் வாய்வழியே தம் வாழ்வை எடுத்துரைத்தவர்களில் எம் வாசகர் பலரும் அடங்குவர். நீதிமன்றத் தீர்ப்பு நூலகத்தில் பத்திரமாக இருக்கும். அத்தீர்ப்பினால் வாழ்வு பெற்றவரின் வாக்குமூலமோ அவரது வீட்டுப் பெட்டியில்தான் கிடக்கின்றது.

1981இல் யாழ் நூலகத்துடன் ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த சமூகம் நாம். அன்று பிறர் எரித்தனர். இன்று நாமே குப்பையில் இடலாமா?

2001 முதல் ரொறன்ரோவில் இயங்கிவரும் தமிழ் இலக்கியத் தோட்டம் புனைவுக்கும் அபுனைவுக்கும் விருது வழங்குகின்றது. எம் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் சட்ட வரலாற்றுக் கட்டுரைக்கென ஆண்டுக்கொரு சிறு பரிசை ஏன் ஏற்படுத்தக் கூடாது? இங்கு பிறந்து சட்டம் பயிலும் பிள்ளைகள் தம் பெற்றோரின் கோப்புகளைப் படிக்க அதுவே தூண்டுதலாகலாம்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். அக்காகிதங்களில் ஊரில் உள்ள உறவினர் பெயர்களும் ஆறாத காயங்களும் உள்ளன. பெயர்களை மறைத்து, உரியவரின் சம்மதத்துடனேயே அவை பிறர் கைக்குச் செல்ல வேண்டும். சம்மதம் இல்லையேல் குடும்பத்துள் பேணப்படுவதே முறை.

இவற்றையெல்லாம் நண்பரிடம் எடுத்துரைத்தோம். அவர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். பின்னர் பெட்டியை ஒட்டி, அதன்மேல் மகளின் பெயரை எழுதினார்.