பருத்திக் காட்டில் ஒரு சாட்சி

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தின் மேற்கு வாயிலுக்கு மேலே பத்து மாடங்கள் பல நூற்றாண்டுகளாகச் சிலையின்றிக் கிடந்தன. 1998 ஜூலையில் அவற்றில் இருபதாம் நூற்றாண்டின் இரத்தசாட்சிகள் பத்துப் பேரின் சிலைகள் நிறுவப்பட்டன. மார்ட்டின் லூதர் கிங்கையும் பான்ஹோஃபரையும் நாம் அறிவோம். அவர்களோடு நிற்கும் எஸ்தர் ஜானைக் கோவையின் சி.எஸ்.ஐ. சபைகளில்கூட எத்தனை பேர் அறிவார்கள் என்பது ஐயமே. இத்தனைக்கும் அவர் பிறந்தது இந்தியாவில்தான்.

1929இல் முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் கமர் ஜியா. பதினேழு வயதுக்குப் பின் கிறிஸ்தவப் பள்ளியில் சேர்ந்தார். அங்கிருந்த ஆசிரியை ஒருவரின் வாழ்க்கை அவரை ஈர்த்தது. ஏசாயா நூலின் 53ஆம் அதிகாரத்தைப் படித்தபோது உள்ளம் மாறியது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் குடும்பம் கராச்சிக்குக் குடிபெயர்ந்தது. அங்கு மரியன் லாகேசன் என்ற மிஷனரி தந்த புதிய ஏற்பாட்டை ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் வீட்டாருக்குத் தெரியாமல் வாசித்தார். பிறகு, தாம் விரும்பாத திருமணத்துக்கு ஏற்பாடானபோது வீட்டைவிட்டு வெளியேறினார். பெயரும் எஸ்தர் ஜான் ஆயிற்று. தன் மணத்தைத் தானே முடிவுசெய்ய முனையும் பெண் எதையெல்லாம் இழக்க நேரும் என்பதைக் கொங்கு நாட்டு வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

குடும்பத்தார் திரும்ப அழைத்தவண்ணம் இருக்க, அவர் ரயிலேறிப் பஞ்சாபின் சாஹிவாலுக்குச் சென்று மிஷன் மருத்துவமனையில் பணியாற்றினார். குஜ்ரன்வாலாவில் வேதாகமப் பயிற்சி பெற்று, 1959இல் சீச்சாவத்னியை அடைந்தார். அங்கு மிதிவண்டியில் ஊர் ஊராகச் சென்றார், பெண்களுக்கு எழுத்தறிவித்தார், அவர்களோடு பருத்தி வயலில் இறங்கி வேலை செய்தார். பயிர் விளையும் நிலத்தைக் ‘காடு’ என்றே சொல்லும் நம் பக்கத்தில், பருத்திக் காட்டில் குனிந்து நிற்கும் பெண்ணுக்குப் பக்கத்தில் தானும் குனிந்தபடி பேசுவதற்கும் மேடையேறிப் பேசுவதற்கும் உள்ள வேறுபாடு எளிதில் புரியும்.

1960 பிப்ரவரி 2 அன்று அவர் தம் படுக்கையில் கொலையுண்டு கிடந்தார். வயது முப்பது. கொலையாளி யார் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. விடை தெரியாத ஒரு கொலையை ஒரு குடும்பத்தின் மீதோ ஒரு சமயத்தின் மீதோ ஏற்றுவது நேர்மையாகாது.

அவ்வாறாயின் அவரை இரத்தசாட்சி என்பது எப்படிப் பொருந்தும்? கத்தோலிக்கத் திருச்சபையில் இதற்கு நீண்ட விசாரணை முறை உண்டு. 1752இல் ஆரல்வாய்மொழியில் கொல்லப்பட்ட தேவசகாயம் 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டது அம்முறைப்படிதான். சீர்திருத்தச் சபைகளில் அத்தகைய நடைமுறை இல்லை. சபையின் நினைவே அங்கு அளவுகோல். கத்தோலிக்கர் ‘மறைசாட்சி’ என்பதைச் சீர்திருத்த சபையார் ‘இரத்தசாட்சி’ என்பர். இரு சொல்லிலும் நிலைத்திருப்பது ‘சாட்சி’. மூலக் கிரேக்கச் சொல்லின் பொருளும் அதுவே. எஸ்தரின் கடைசி இரவைப் பற்றிய கேள்விகள் அப்படியே இருந்தாலும், அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவர் எதைத் துறந்தார், எதைப் பற்றி நின்றார் என்பதில் ஐயமில்லை. அவரைச் சாட்சியாகக் கொள்ள அதுவே போதும் என்பது என் எண்ணம்.

அதே வரிசையில் தென்னாப்பிரிக்காவின் மஞ்சே மாசெமோலா என்ற சிறுமியின் சிலையும் இருக்கிறது. 1928இல் அவரைக் கொன்றவர்கள் பெற்றோரே. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1969இல், அந்தத் தாய் ஞானஸ்நானம் பெற்றார்.

எஸ்தரின் உடல் சாஹிவாலின் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. பின்னாளில் அங்குள்ள மருத்துவமனை வளாகத்தில், செவிலியர் விடுதிக்கு எதிரே, அவர் நினைவாகச் சிற்றாலயம் ஒன்று எழுப்பப்பட்டது.