காட்சி விளைவுகள், விளையாட்டு வடிவமைப்பு: என்ன படிப்பது, எங்கே படிப்பது

ஒளிப்பதிவுக் கருவி நேரடியாகப் பதிவு செய்யாத ஒன்றைப் படப்பிடிப்புக்குப் பின் கணினியின் துணையோடு காட்சிக்குள் சேர்ப்பதும், பதிவானவற்றுள் வேண்டாததை நீக்குவதும் காட்சி விளைவுகள் எனப்படும். பேச்சுவழக்கில் இதனைக் 'கிராபிக்ஸ்' என்கிறோம், துறையினர் வி.எஃப்.எக்ஸ். என்பர். படப்பிடிப்புத் தளத்திலேயே உண்டாக்கப்படும் வெடி, செயற்கை மழை போன்றவை இதில் சேரா. தமிழ்த் திரையுலகுக்கு இக்கலை புதிதன்று. காதலன் (1994), இந்தியன் (1996), ஜீன்ஸ் (1998), எந்திரன் (2010) ஆகிய படங்கள் சிறப்பு விளைவுகளுக்கான தேசிய விருதைப் பெற்றவை.

பறக்கும் மனிதனையும் பேசும் புலியையும் பார்த்துத்தான் பெரும்பாலான மாணவர்கள் இத்துறைக்கு வருகிறார்கள். ஆனால் அன்றாட வேலையில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாதது. நடிகரைத் தாங்கிய கம்பியை அழிப்பது, பழங்கால வீதியில் நிற்கும் மின்கம்பத்தை நீக்குவது, ஐம்பது பேரை ஐயாயிரம் பேராக்குவது போன்றவை அவை. பார்ப்பவர் கவனிக்காமல் போனால்தான் வேலை வென்றது என்று பொருள்.

ஒரு காட்சி உருவாகும் விதம்

திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகிறது. ஆகவே ஐந்து நொடிக் காட்சி என்பது 120 படங்கள். அதில் ஓடும் ஒருவரைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க, அவரது உருவத்தின் விளிம்பைச் சட்டகம் சட்டகமாகக் கோடிட்டு வர வேண்டும். இதற்கு ரோட்டோ என்று பெயர். இந்திய ஸ்டுடியோக்களில் புதியவர்கள் பலர் இந்தப் பிரிவில்தான் நுழைகிறார்கள். இதைத் தவிர, கேமராவின் அசைவைக் கணினிக்குள் மீட்டெடுக்கும் மேட்ச்மூவ், உருவங்களை முப்பரிமாணத்தில் செய்யும் மாடலிங், அவற்றுக்கு எலும்புக்கூடு பொருத்தும் ரிக்கிங், அனிமேஷன், தீயும் நீரும் புகையும் உண்டாக்கும் எஃப்.எக்ஸ்., ஒளியமைப்பு எனப் பல பிரிவுகள் உண்டு. இவையெல்லாம் வந்து சேரும் கடைசி மேசை கம்பாசிட்டிங்.

நடிகருக்குப் பின்னால் பச்சைத் திரை கட்டுவதை எல்லோரும் பார்த்திருப்போம். ஏன் பச்சை? மனிதத் தோலின் நிறத்தில் பச்சை மேலோங்கி நிற்பதில்லை. அதனால் கணினி திரையை நடிகரிடமிருந்து எளிதாகப் பிரித்தறிகிறது. மேலும், இன்றைய டிஜிட்டல் கேமராக்கள் பெரும்பாலானவற்றின் உணரியில் சிவப்பு, நீலப் புள்ளிகளைப் போல இரு மடங்கு பச்சைப் புள்ளிகள் இருக்கின்றன. பச்சையில் விவரம் கூடுதலாகப் பதிவாகிறது. ஆனால் திரையிலிருந்து தெறிக்கும் பச்சை ஒளி நடிகரின் காது மடலிலும் முடியோரத்திலும் படிந்துவிடும். அதை நீக்கி, புதிய பின்னணியின் ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, நிழல் எவ்வளவு அடர்த்தி, தூரத்துப் பொருள் எவ்வளவு மங்க வேண்டும் என்று கணித்துப் பொருத்துவதே திறமை. மென்பொருளில் இதற்கான பொத்தான்கள் உண்டு. எந்த அளவுக்கு அழுத்துவது என்பதை மாலை வெயிலை உற்றுப் பார்த்தவர்தான் அறிவார்.

அடிப்படையின் வலுவுக்கு ஜுராசிக் பார்க் (1993) நல்ல சான்று. பொம்மைகளைச் சிறிது சிறிதாக அசைத்துப் படமெடுக்கும் முறையில் தேர்ந்தவரான ஃபில் டிப்பெட் அப்படத்தின் டைனோசர்களை உருவாக்குவதாக இருந்தது. இடையில் கணினி உருவங்களே போதும் என்று முடிவாயிற்று. ஆயினும் அவர் வெளியேற்றப்படவில்லை. விலங்கின் எடை எந்தக் காலில் விழும், தலை எப்போது திரும்பும் என்பது அவருக்குத் தெரிந்திருந்ததால், அசைவுகளை வழிநடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவ்வாண்டின் ஆஸ்கரிலும் அவருக்குப் பங்கு கிடைத்தது.

விளையாட்டு வடிவமைப்பு வேறு

கேம் டிசைன் என்றால் அழகான பாத்திரங்களை வரைவது என்று பலர் எண்ணிச் சேருகிறார்கள். வரைவது கேம் ஆர்ட். நிரல் எழுதுவது புரோகிராமிங். வடிவமைப்பாளரின் வேலை விதிகளை உருவாக்குவது. ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். புலி வெட்டலாம், ஆடுகள் சூழ்ந்து அடைக்கலாம். ஆடுகளைப் பன்னிரண்டாகக் குறைத்தால் என்ன ஆகும், இருபதாக்கினால் எந்தப் பக்கம் சலித்துப்போகும் என்று ஆடிப் பார்த்துக் குறிப்பெடுப்பவர் விளையாட்டு வடிவமைப்பைத் தொடங்கிவிட்டார். இதற்குக் கணினியே வேண்டாம், சாக்கட்டி போதும். அதன்பின் யூனிட்டி, அன்ரியல், கட்டற்ற மென்பொருளான கோடோ ஆகியவற்றில் ஒன்றைக் கற்கலாம்.

கதைக்கு எங்கோ போக வேண்டியதில்லை என்பதற்கு வெண்பா (2023) சாட்சி. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த் தாயின் சமையலறையில் நடக்கும் சிறு விளையாட்டு அது; உருவாக்கியது டொராண்டோவைச் சேர்ந்த ஒரு சிறிய குழு. 2024இல் பாஃப்டா அமைப்பின் சிறந்த அறிமுக விளையாட்டு விருது அதற்குக் கிடைத்தது.

படிக்கும் இடங்கள்

சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன் மற்றும் காட்சி விளைவுகளுக்கு நான்காண்டுப் பட்டப்படிப்பு உண்டு. சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகள் ஓவியத்தின் அடித்தளத்தைத் தருகின்றன. அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அனிமேஷனும், அதன் பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் விளையாட்டு வடிவமைப்பில் முதுநிலைப் படிப்பும் உள்ளன. ஐ.ஐ.டி.க்களில் இளநிலை வடிவமைப்புக்கு யூசீட் என்னும் நுழைவுத்தேர்வு. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவரும் இத்தேர்வை எழுதலாம் என்பது பல பள்ளிகளில் சொல்லப்படுவதில்லை.

தனியார் பயிற்சி மையங்கள் ஏராளம். வீட்டு நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டும் குடும்பங்கள் உண்டு என்பதால் இங்கே எச்சரிக்கை தேவை. தருவது பல்கலைக்கழகப் பட்டமா, வெறும் சான்றிதழா என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். சுவரில் ஒட்டியுள்ள ஹாலிவுட் படச் சுவரொட்டிகளை விட்டுவிட்டு, சென்ற ஆண்டு முடித்த மாணவர்களின் வேலைகளைக் காட்டச் சொல்ல வேண்டும். கற்பிப்பவர் ஸ்டுடியோவில் பணியாற்றியவரா, அதே மையத்தில் படித்து அங்கேயே தங்கியவரா என்பதும் முக்கியம். '100 சதவீத வேலை' என்ற சொல்லுக்கு எந்த வேலை, எத்தனை மாதம் என்று கேட்டால் பல இடங்களில் பேச்சு மாறும்.

பணம் கட்டுமுன் மூன்று மாதம் வீட்டிலேயே முயன்று பார்ப்பது நல்லது. பிளெண்டர் என்னும் மென்பொருள் முற்றிலும் இலவசம். 2002இல் பயனர்கள் ஒரு லட்சம் யூரோ திரட்டி அதைக் கட்டற்ற மென்பொருளாக்கினர். 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதை வென்ற ஃப்ளோ என்ற லாட்வியப் படம் அதில்தான் செய்யப்பட்டது.

வேலையின் நிலை

இத்துறை நிலையானது என்று சொல்வதற்கில்லை. லைஃப் ஆஃப் பை படத்தின் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனம், 2013இல் அப்படத்துக்கு ஆஸ்கர் கிடைப்பதற்குச் சில நாட்கள் முன்பே திவால் மனு கொடுத்திருந்தது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் முடங்கியபோது பெங்களூரு, மும்பை உட்படப் பல நகரங்களில் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். முன்கூட்டிப் பேசிய தொகைக்கு வேலை எடுத்து, இயக்குநர் கேட்கும் திருத்தங்களையெல்லாம் அதற்குள்ளேயே செய்வது ஸ்டுடியோக்களின் வழக்கம். லாபம் அதில் கரைகிறது. ரோட்டோ போன்ற தொடக்கநிலை வேலைகளைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் விரைவுபடுத்தி வருவதால், அதை மட்டுமே கற்றவரின் இடம் சுருங்கக்கூடும்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் பார்க்கப்படுவது ஷோரீல் என்னும் தொகுப்புக் காணொளி. ஒன்றிரண்டு நிமிடம் போதும். சிறந்ததை முதலில் வைக்க வேண்டும். குழுவாகச் செய்த காட்சியில் தன் பங்கு எது என்று எழுதியிருக்க வேண்டும். பயிற்சி மையம் எல்லா மாணவருக்கும் கொடுத்த அதே ரோபோவை வைத்திருந்தால், தேர்வாளர் அன்று காலையிலேயே அதைப் பத்து முறை பார்த்திருப்பார். தன் ஊர்ப் பேருந்து நிலையத்தைக் கைப்பேசியில் எடுத்து, அங்கே இல்லாத ஒரு மரத்தைச் சரியான நிழலோடு நட்டுக் காட்டியவரின் காணொளியைத்தான் அவர் இரண்டாம் முறை ஓடவிடுவார்.