டியூபுக்குள்ளே மூச்சு, வாய்க்குள்ளே கிருமி

பல் தேய்ப்பதைப் பற்றி எழுதப் போறேன்னதும் வகுப்பில் எல்லாரும் சிரிச்சாங்க. இது நம்ம பல் இல்லீங்க. வென்டிலேட்டரில் கிடக்கும் நோயாளியின் பல்.

நம்ம சேலம், நாமக்கல் பக்கம் காட்டு வேலை செய்யறவங்களுக்குக் கட்டுவிரியனைத் தெரியும். ராத்திரி தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். வலி, வீக்கம் பெரிசா இருக்காது. ஆனா விஷம், நரம்பு தசைக்குச் சொல்லும் கட்டளையைத் தடுத்துவிடும். முதலில் கண் இமை தொங்கும், அப்புறம் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சே நிற்கும். விஷமுறிவு ஊசி போட்டாலும் தசை திரும்ப வேலை செய்யச் சில நாள் ஆகலாம். அதுவரை வாய் வழியாக மூச்சுக்குழாயில் டியூப் விட்டு மெஷின்தான் மூச்சு கொடுக்கும். 1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மருத்துவ மாணவர்கள் முறை வைத்து ரப்பர் பையைக் கையால் அமுக்கியே நோயாளிகளுக்கு மூச்சு கொடுத்தார்களாம். நினைத்தாலே கை வலிக்குது!

டியூப் உயிரைக் காப்பாற்றும். கிருமிக்கும் அதுவே வழி. நமக்கு ஒரு நாளில் ஏறக்குறைய 1 லிட்டர் எச்சில் சுரக்கிறது. தெரியாமலே விழுங்கிடறோம். தப்பி மூச்சுக்குழாய்ப் பக்கம் போனால் புரையேறி, இருமல் வந்து வெளியே தள்ளிடும். டியூப் போட்டவங்களுக்கு விழுங்கவும் முடியாது, சரியா இருமவும் முடியாது. வாய் திறந்தே இருப்பதால் காயும். பல்லில் படிந்த அழுக்கில் கிருமி பெருகும். டியூபைச் சுற்றிச் சின்ன பலூன் ஒன்று அடைப்பாக இருக்கும். ஆனாலும் அதன் சுருக்கங்கள் வழியே எச்சில் கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குக் கசியும். அப்படித்தான் நிமோனியா வருது.

போன வருஷம் எங்க சித்தியைக் கட்டுவிரியன் கடிச்சு, அரசு ஆஸ்பத்திரியில் 5 நாள் வென்டிலேட்டரில் இருந்தாங்க. நர்ஸ் அக்கா வந்து, குழந்தைக்கு வாங்கற மாதிரி மெதுவான பிரஷ் ஒண்ணு வாங்கிட்டு வரச் சொன்னாங்க. அம்மாவுக்குக் கோபமே வந்துடுச்சு. “உசுருக்குப் போராடிட்டு இருக்கறா, பல்லு விளக்கறதாங்க இப்ப முக்கியம்?” என்றார். “இதுவும் வைத்தியந்தானுங்க அக்கா” என்று அவர் சொன்னார்.

நர்ஸ் அக்கா சொன்னது உண்மைதான். 2023-இல் வெளிவந்த, 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரையில், தினமும் பல் தேய்த்துவிட்ட நோயாளிகளுக்கு நிமோனியா குறைவாக வந்தது தெரிந்தது. அதுவும் வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்குத்தான் அதிகப் பலன். 2 வேளை தேய்த்தாலும் 3 வேளை தேய்த்தாலும் பலன் ஒன்றுதானாம். முன்பெல்லாம் குளோர்ஹெக்ஸிடின் என்ற மருந்தால் வாயைத் துடைப்பதைத்தான் பெரிசா நம்பினாங்க. 2022-இல் அமெரிக்க நிபுணர்கள் வெளியிட்ட வழிகாட்டுதலில் அந்த மருந்து வேண்டாம், பிரஷ் போதும் என்றார்கள். ஒரு சாதாரண பிரஷ் மருந்தை ஜெயித்தது எனக்குப் பிடிச்சிருக்கு.

தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வைக்கணும். தேய்க்கும்போதே எச்சிலை மெஷினால் உறிஞ்சி எடுக்கணும். இதெல்லாம் நர்ஸ் செய்யும் வேலை. நாம செய்யக் கூடாதது ஒன்று இருக்கு. பார்க்கப் போறவங்க பாசத்தில் துளசித் தீர்த்தம், பால் என்று நோயாளி வாயில் சொட்டு விடறாங்க. அது வயிற்றுக்குப் போகாது, டியூப் ஓரமாக நுரையீரலுக்குத்தான் இறங்கும். விபூதி வேணும்னா நெற்றியில் பூசுங்க, அதுவும் நர்ஸைக் கேட்டுட்டு.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி