மண்சுவரில் மலர்ந்த கலை

மகாராட்டிர மாநிலத்தின் வடமேற்கில், பால்கர் மாவட்டத்திலும் அதனைச் சூழ்ந்த மலைப்பகுதிகளிலும் வார்லி பழங்குடியினர் வாழ்கின்றனர். அவர்கள் நெல் பயிரிடுவோர். அந்நெல்லே அவர்களது ஓவியத்திற்கு வண்ணமும் தருகிறது.

குடிசையின் சுவர் மூங்கில் தட்டியால் ஆனது. அதன்மீது மண்ணும் சாணமும் கலந்து பூசி, செம்மண்ணால் மெழுகுவர். அரிசி மாவை நீரில் குழைத்துச் சிறிது பிசின் சேர்த்தால் வெள்ளை வண்ணம் கிடைக்கும். மூங்கில் குச்சியின் நுனியை மென்று நாராக்கினால் அதுவே தூரிகை. விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள் எதுவுமில்லை.

வட்டம், முக்கோணம், சதுரம் ஆகியனவே இவ்வோவியத்தின் அடிப்படை வடிவங்கள். முனைகள் தொட்டு நிற்கும் இரு முக்கோணங்கள் மனித உடலாகின்றன. சிறு வட்டம் தலையாகிறது. உழுதல், நாற்று நடுதல், மீன் பிடித்தல், தார்ப்பா என்னும் ஊதுகருவிக்கேற்ப வளைந்து வளைந்து ஆடுதல் என அன்றாட வாழ்வே சுவரில் எழுகிறது.

முற்காலத்தில் திருமண நாள்களில் பெண்களே இவற்றை வரைந்தனர். சுவர் சிதைந்தால் ஓவியமும் மறைந்துவிடும். 1970களில் ஜிவ்யா சோமா மாஷே என்னும் வார்லி ஓவியர் தாளிலும் துணியிலும் வரையலானார். அதனால் இக்கலை உலகெங்கும் அறிமுகமாயிற்று. 2011ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இன்று ஆடைகளிலும் கோப்பைகளிலும் இவ்வுருவங்கள் அச்சிடப்படுகின்றன. ஆயினும், வயலில் உழைத்து வரையும் கைகளே இக்கலையின் உயிர். அக்கைகளுக்கு உரிய மதிப்பும் ஊதியமும் கிடைத்தால்தான் இக்கலை நிலைக்கும்.