மருந்தும் மனிதரும் – 17: மாத்திரை மாறும் வாரங்கள்

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் வீதிகளில் காலை வேளையில் நடந்து செல்கிறவர், ராசிபுரம், ஓமலூர், ஆத்தூர், திருச்செங்கோடு என்று நாலா திசைகளிலிருந்தும் பஸ் ஏறி வந்து, மடியில் ஸ்கேன் கவரும் மஞ்சள் பையுமாக வைத்தியரின் அழைப்புக்குக் காத்திருக்கும் ஜனங்களைக் காணாமல் போக முடியாது. அந்தப் பைகள் சிலவற்றில், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய அட்டைகளுக்கு நடுவே, படபடப்புக்கென்றோ தூக்கத்துக்கென்றோ எப்போதோ ஒரு வைத்தியர் எழுதிக்கொடுத்து, பிறகு யாரும் நிறுத்தச் சொல்லாமலே வருஷக்கணக்கில் தொடர்ந்துவிட்ட சின்னஞ்சிறு மாத்திரை ஒன்றும் இருக்கும். 1960இல் லிப்ரியமும் 1963இல் வேலியமும் கடைக்கு வந்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். அவ்விரண்டும் சேர்ந்த பென்சோடயாசிபைன் என்னும் குடும்பத்திலே, ஒன்றை நிறுத்தி மற்றொன்றைக் கொடுக்க நேரும்போது என்ன ஜாக்கிரதை வேண்டும் என்பதே இவ்வார விஷயம்.

முதல் அபாயம் அட்டையில் அச்சிட்ட எண்ணிலேயே இருக்கிறது. அல்பிரசோலம் 0.5 மில்லிகிராம் சாப்பிட்டுவந்த பெரியவரிடம் டயாசிபாம் 10 மில்லிகிராம் என்று சீட்டு எழுதிக்கொடுத்தால், இருபது மடங்கு மருந்தைத் தலையில் கட்டிவிட்டார்களே என்று அவர் திகைப்பதில் வியப்பில்லை; ஆயினும் இரண்டும் ஏறத்தாழச் சம வலிமை உடையவை என்பதே பேராசிரியை ஹீதர் ஆஷ்டன் வகுத்த கணக்கு. நம் நாட்டு டேராடூனில் 1929இல் பிறந்து, இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் 1982 முதல் 1994 வரை இம்மாத்திரைகளிலிருந்து விடுபட விரும்பியவர்களுக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு நடத்திய அந்த அம்மையார், தம் அனுபவத்தைத் திரட்டி 1999இல் வெளியிட்ட கையேட்டில், லோரசிபாம் 1 மில்லிகிராமும் குளோனசிபாம் 0.5 மில்லிகிராமும் டயாசிபாம் 10 மில்லிகிராமுக்கு ஈடு என்கிறார். வேறு சில பட்டியல்களோ, அதே 10 மில்லிகிராமுக்கு அல்பிரசோலம் 1 மில்லிகிராமைச் சமமாக வைக்கின்றன. ஆகவே, நாளொன்றுக்கு மூன்று வேளையாக 1.5 மில்லிகிராம் அல்பிரசோலம் சாப்பிடுகிறவருக்கு ஒரு பட்டியலின்படி 30 மில்லிகிராம் டயாசிபாமும், மற்றொன்றின்படி 15 மில்லிகிராமும் வேண்டியதாகிறது. இத்தனை பேதமுள்ள கணக்கை வேதவாக்காகக் கொண்டு ஒரே நாளில் பழையதைத் தூக்கி எறிந்து புதியதைக் கொடுத்துவிடுவது, என் அபிப்பிராயத்தில், வைத்தியம் ஆகாது. அளவு மிஞ்சினால் நடை தள்ளாடும்; பெரியவர்கள் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வார்கள். குறைந்தாலோ நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை என்று தொடங்கி, சில சமயம் வலிப்பிலும் சித்தப்பிரமையிலும் கொண்டுபோய் விடும்.

ஆகையால் ஆஷ்டன் முறையில் மாற்றம் வேளை வேளையாக நடைபெறுகிறது. முதலில் இரவு வேளை மாத்திரையை மட்டும் டயாசிபாமாக மாற்றி, காலையும் மதியமும் பழையதையே தொடரச் செய்வார்கள். சுமார் ஒரு வாரம் கவனித்து, காலையில் மயக்கம் மிகுந்திருக்கிறதா, அல்லது அடுத்த வேளைக்கு முன்பே கைநடுக்கம் கண்டுவிடுகிறதா என்று கேட்டறிந்து அளவைச் சரிசெய்த பிறகே மறு வேளைக்குப் போவார்கள். இந்த நிதானத்துக்குக் காரணம் உண்டு. அல்பிரசோலம் இரத்தத்தில் பாதியாகக் குறையச் சுமார் 11 மணி நேரம் போதும். டயாசிபாமுக்கு ஒன்றிரண்டு நாட்களும், அதிலிருந்து சரீரத்திலேயே பிறக்கும் நார்டயாசிபாமுக்கு அதைவிட நெடிய காலமும் ஆகின்றன. முதல் நாள் போதவில்லையே என்று தோன்றிய அளவு, பத்து நாள் சேர்ந்த பின் மிதமிஞ்சியதாகிவிடலாம். இரவு முழுதும் லாரி ஓட்டும் நாமக்கல் டிரைவர் இந்த வாரங்களில் ஸ்டியரிங்கைத் தொடாமல் இருப்பதுதான் நியாயம். வாடகையும் தவணையும் அதற்கு இடங்கொடுக்குமா என்பது வேறு கேள்வி.

எல்லோரையும் டயாசிபாமுக்கு மாற்றிவிடலாம் என்பதும் இல்லை. குடியினால் கல்லீரல் கெட்டவருக்கு அது கழியாமல் சரீரத்தில் தேங்குமாதலால், கல்லீரலுக்கு அத்தனை சிரமம் வைக்காத லோரசிபாமையே வைத்தியர்கள் நாடுவர். எந்த மாத்திரையானாலும் அதன்மேல் மதுவும் சேர்ந்தால் சுவாசமே அடங்கிப்போகும் என்பதை வீட்டார் அறிந்திருக்க வேண்டும்.

மறைந்திருந்து விபரீதம் விளைவிப்பவை கலவை மாத்திரைகள். வயிற்று வலிக்கென்று கொடுக்கப்படும் லிப்ராக்ஸில் குளோர்டயசெபாக்ஸைடு 5 மில்லிகிராம் கலந்திருக்கிறது. மனச்சோர்வுக்கான எஸ்சிடாலோபிராமோடு குளோனசிபாம் சேர்ந்த மாத்திரையும் நம் கடைகளில் சாதாரணம். வயிற்று மாத்திரைதானே என்று சொல்லாமல் விட்டவருடைய கணக்கு தொடக்கத்திலேயே பிசகிவிடும். ஆகவே வைத்தியரிடம் போகும்போது மஞ்சள் பையிலுள்ள அத்தனை அட்டைகளையும், ஒன்று விடாமல், மேஜைமேல் பரப்பிவிடுவது உத்தமம்.

மருந்துக் கடையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கேட்ட கம்பெனி மாத்திரை இல்லாதபோது, அதே மருந்தை அதே அளவில் வேறு கம்பெனிப் பெயரில் தருவது ஒன்று; “இதுவும் தூக்கத்துக்குத்தான், சாப்பிடுங்க அண்ணா” என்று வேறு மருந்தையே எடுத்துக் கொடுப்பது முற்றிலும் வேறொன்று. அல்பிரசோலம், டயாசிபாம், நைட்ரசிபாம் முதலியவை 2014 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்த எச்1 அட்டவணையில் அடங்கியவை; விற்பவர் சீட்டு எழுதிய வைத்தியர் பெயர், நோயாளியின் பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று வருஷம் வைத்திருக்கக் கடமைப்பட்டவர்.

இத்தனை சிரமப்பட்டு மாற்றுவானேன் என்று வாசகர் கேட்கலாம். டயாசிபாம் 2 மில்லிகிராம் மாத்திரையாகக் கிடைப்பதால் சிறுகச் சிறுகக் குறைப்பதற்கு வசதி; மெல்லக் கழிவதால் வேளைக்கு வேளை ஏறி இறங்கும் தவிப்பும் அடங்குகிறது. மாற்றம் நிலைத்து, நோயாளி சில வாரங்கள் அமைதியாக உறங்கிய பிறகு, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை நூற்றுக்கு ஐந்து அல்லது பத்துப் பங்கு என்ற கணக்கில் குறைக்கத் தொடங்குகிறார்கள். அந்த நெடும் பிரயாணத்தின் விவரங்களை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)