உஷார்! 'வேலையின்மையில் மாற்றமில்லை' என்றால் நம்பிவிடாதீர்கள்

மாதத்தின் நடுவில் டிவி திரைக்கு அடியில் ஒரு வரி ஓடும்: 'வேலையின்மை குறைந்தது', இல்லையென்றால் 'உயர்ந்தது'. அந்த ஒற்றை எண்ணை நம்பி, இருக்கும் வேலையை விட்டுவிடாதீர்கள்.

மத்திய புள்ளியியல் அமைச்சகம் 2025 மே முதல் இந்தக் கணக்கை மாதாமாதம் வெளியிடுகிறது. அந்த ஆண்டு மே மாதத்தில் வேலையின்மை 5.6%. ஜூனிலும் அதே 5.6%. 'மாற்றமில்லை' என்று சொல்லிவிடலாம். ஆனால் அதே அறிக்கையில், 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் வேலையில் இருப்போரின் பங்கு 51.7-லிருந்து 51.2 சதவீதமாக இறங்கியிருந்தது. வேலை தேடி அலுத்து வீட்டோடு இருந்துவிட்டவர் 'வேலையில்லாதவர்' பட்டியலில் வரமாட்டார். சூட்சுமம் அங்கேதான்.

சரி, யார் 'வேலையில் இருப்பவர்'? கணக்கெடுப்புக்கு முந்தைய 7 நாளில் ஏதாவது ஒரு நாள், ஒரே ஒரு மணி நேரம் உழைத்திருந்தால் போதும். திங்கள்கிழமை ஒரு மணி நேரம் சிமென்ட் மூட்டை இறக்கிவிட்டு, மிச்ச நாளெல்லாம் மேஸ்திரியின் அழைப்புக்குக் காத்திருந்தவரும் அதில் சேர்த்தி. அப்பாவின் மளிகைக் கடையில் சம்பளமில்லாமல் பொட்டலம் கட்டும் பட்டதாரியும்தான்!

பி.எஃப். சேர்க்கையை வைத்துச் சொல்லும் வேலைக் கணக்கு இன்னும் மோசம். 'இந்த மாதம் இத்தனை லட்சம் புதிய வேலை' என்பார்கள். 19 பேர் இருந்த பட்டறையில் இன்னொருவர் சேர்ந்தால் அது பி.எஃப். சட்டத்துக்குள் வந்துவிடும், பழைய ஆட்களும் புதுப் பெயர்களாகப் பதிவாவார்கள். கிடைத்ததோ ஒரே ஒரு வேலை. அந்த எண்ணிக்கையும் தற்காலிகமானதுதான், பிறகு திருத்தப்படும்.

2025 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் பொருளாதாரம் 7.8% வளர்ந்ததாக ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. அதே மூன்று மாதங்களில் வேலையில் இருப்போரின் பங்கு 52.8-லிருந்து 51.2-க்குச் சரிந்தது. உடனே 'வளர்ச்சி பொய்' என்று குதிப்பதும் தப்பு. வளர்ச்சியை முந்தைய ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிடுகிறார்கள். வேலைக் கணக்கிலோ முந்தைய மாதத்தோடு. ரபி அறுவடை முடிந்து வெயில் ஏறும்போது வயல் வேலை குறைவது வழக்கம்தான். பருவத்துக்கேற்ற திருத்தம் இந்த மாதக் கணக்கில் கிடையாது.

அடுத்த முறை செய்தி வந்தால், வேலையில் இருப்போரின் பங்கு என்ன, எந்த மாதத்தோடு ஒப்பீடு என்று தேடுங்கள். இரண்டும் இல்லாத செய்தியை வாட்ஸ்அப்பில் தள்ளிவிடாதீர்கள்.